அரோகராவோடு முடிந்த ஜப்பானியக் கதை

மேடையில் ஏறத் துணிச்சல் வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஏறுவதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. இறங்குவதற்குத்தான் கால் வேண்டும். இதை நான் பாரிஸில் நம்மவர் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், என் மாமனார் குடும்பம் முழுவதும் முன்வரிசையில் இருக்க, ஒரு சதுர மெத்தையின் மேல் கற்றுக்கொண்டேன்.

எல்லாம் ஒரு கேட்பிழையில் தொடங்கியது. கலியாணமான புதிதில் என் மனைவி சுகந்தி ஒருநாள் சொன்னாள்:

"இஞ்சேருங்கோ, நூலகத்திலை சனிக்கிழமையள்லை ஜப்பான் கோந்த் படிப்பிக்கினமாம். போய்ப் பாருங்கோவன்."

பிரெஞ்சில் கோந்த் என்றால் கணக்கு. நான் பொபினியில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுபவன். ஜப்பான்காரரின் கணக்கு முறையைக் கற்றால் பதவி உயர்வு நிச்சயம் என்று கல்குலேட்டரும் கையுமாகப் போய் உட்கார்ந்தேன். கதை என்ற சொல்லுக்கும் பிரெஞ்சில் அதே உச்சரிப்பு, எழுத்துத்தான் வேறு என்பது அங்கே போன பிறகே தெரிந்தது. (எழும்பி வந்திருக்கலாம். அதற்குள் தேநீர் கொடுத்துவிட்டார்கள்.)

வகுப்பு நடத்தியவர் யுமிகோ என்ற ஜப்பானியப் பெண்மணி. டோக்கியோவின் பழைய நகர்ப்பகுதியில், கதை சொல்லும் மண்டபங்கள் இருந்த ஒரு சந்தில் பிறந்தவர். அங்கே ராக்குகோ என்றொரு கலை. ஒரே ஆள் மெத்தையில் முழந்தாளிட்டு, குதிக்கால்களின் மேல் அமர்ந்து, எல்லாப் பாத்திரங்களையும் தானே பேசவேண்டும். கையில் ஒரு விசிறி, ஒரு துணி, அவ்வளவுதான். முடியும்வரை எழும்பக் கூடாது. மனிதர் பேசுவது போலவே எழுத நினைத்த ஜப்பானிய நாவலாசிரியர்கள் இந்தக் கதைசொல்லிகளைக் கேட்டுத்தான் பழகினார்களாம். "லாச்சப்பல் தெருவில் நடக்கும்போது எங்கள் சந்தில் நடப்பது போலவே இருக்கிறது. ஆளுக்கொரு கதையை இந்தத் தெருவிலிருந்தே எடுங்கள்" என்றார்.

நான் கொத்துரொட்டிக் கடையை எடுத்தேன். உறைப்பு வேண்டாம் என்று ஒரு பிரெஞ்சுக்காரர் கெஞ்சுகிறார். தகட்டுச் சத்தத்தில் கொத்துப் போடுபவருக்கு அது ஒவ்வொரு முறையும் "இன்னும் போடு" என்றே கேட்கிறது. விசிறிதான் கொத்துத் தகடு.

இதில் எனக்கொரு மான அவமானமும் இருந்தது. எபினேயில் இருக்கும் மாமாவுக்கு நான் வாய் திறக்காத மாப்பிள்ளை. "தம்பி, வாயுக்கை என்ன கொழுக்கட்டையே வைச்சிருக்கிறீர்?" என்று சபையிலேயே கேட்டவர். ஆகவே வகுப்பு முடிவில் நாங்கள் மேடையில் கதை சொல்லும் நிகழ்ச்சிக்கு மாமா குடும்பம் முழுவதையும் நானே வருந்தி அழைத்தேன்.

யுமிகோ முன்கூட்டியே எச்சரித்தார். பழக்கமில்லாதவர்கள் கால் மரத்துப்போகாமல் ஒரு சின்ன முக்காலியை அடியில் மறைத்து வைக்கலாம் என்றார். நான் சிரித்தேன். "நாங்கள் நிலத்தில் இருந்து சாப்பிட்ட பரம்பரை, மதாம்" என்றேன். (வீட்டில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து, தொலைக்காட்சி பார்த்துக்கொண்டுதான் சாப்பிட்டேன்.)

கதை அமோகமாகப் போனது. டக்க டக்க என்று விசிறியால் தரையில் கொத்தினேன். கூட்டம் சிரித்தது. மாமா சிரித்தார்! அந்த மிதப்பில் இல்லாத பாத்திரங்களையெல்லாம் உள்ளே கொண்டுவந்தேன். முதலில் காலில் எறும்பு ஊர்ந்தது. பிறகு ஊசி குத்தியது. பிறகு ஒன்றுமே இல்லை. இடுப்புக்குக் கீழே யாருக்கோ வாடகைக்கு விட்டதுபோல இருந்தது.

கதையை முடித்து, நெற்றி தரையில் படக் குனிந்து வணங்கினேன். கைதட்டல். எழும்பப் பார்த்தேன். முடியவில்லை. (பிரெஞ்சுக் கோந்த் முடிந்து தமிழ்க் கோந்து ஒட்டிக்கொண்டது.) கைதட்டல் ஓய்ந்தது. இந்தக் கலையில் இழுத்து மூடத் திரையும் கிடையாது. அடுத்துச் சொல்லவேண்டிய ஓய்வுபெற்ற தபால்காரர் மேடையோரம் வந்து நின்றார்.

"ஐயோ, பிள்ளை கும்பிட்டபடியே கிடக்குது" என்று மாமியின் குரல்.

"பேசாமல் இரப்பா. ஜப்பான் முறை அப்பிடித்தான்" என்றார் மாமா.

தலையைச் சற்றுத் திருப்பி யுமிகோவிடம் பிரெஞ்சில் கிசுகிசுத்தேன்: "என் கால்களைக் காணவில்லை." நான் ஏதோ நன்றி சொல்வதாக எண்ணி அவரும் குனிந்து வணங்கினார்.

பயத்தில் மூளையும் மரத்துவிட்டது. நிமிர்ந்து, "அடுத்த நாள் காலையில்..." என்று கதையைத் தொடர்ந்தேன். கால் தெளியும்வரை சமாளிக்கலாம் என்பது திட்டம். அந்தக் காலின் மேல்தான் இன்னும் உட்கார்ந்திருக்கிறேன் என்பது கணக்கனுக்குப் பிடிபடவில்லை. பிரெஞ்சுக்காரர் கொத்துப் போடுபவரின் தங்கையைக் காதலித்தார், கலியாணம் கட்டினார், பிள்ளைக்கு மொட்டையும் அடித்தார். தபால்காரர் போய்க் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் மாமாவே எழும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். "தம்பி, காணும்! நீர் நல்லாக் கதைப்பீர், ஓம், நான் ஒத்துக்கொள்ளுறன். நிப்பாட்டும்!"

"மாமா, கால் விறைச்சுப்போச்சு! எழும்பேலாமல் கிடக்கு!" என்று கத்திவிட்டேன்.

மாமாவும் சுகந்தியின் தம்பியும் பாய்ந்து வந்தார்கள். என்னைத் தனியாகத் தூக்க முடியவில்லை. ஆளுக்கொரு பக்கமாக மெத்தையோடு சேர்த்துத் தூக்கினார்கள். கையில் விசிறியோடு, காலை மடித்தபடி, ஆடி ஆடி நான் மேடையிலிருந்து இறங்கினேன். அந்தக் காட்சியைப் பார்த்த மாமியின் கைகள் பழக்கதோஷத்தில் தலைக்கு மேல் குவிந்தன.

"அரோகரா!"

பின்னால் நின்ற நம்மவர்களும் "அரோகரா!" என்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் எழும்பி நின்று கைதட்டினார்கள். இது உங்கள் ஊர் மரபா என்று ஒரு மூதாட்டி யுமிகோவைக் கேட்டாராம். "இல்லை, மதாம். இது லாச்சப்பல் மரபு" என்றாராம் யுமிகோ, முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லாமல்.

வினை என்னவென்றால், அது உண்மையாகவே மரபாகிவிட்டது. இன்றும் அந்தக் கதை நிகழ்ச்சியில் கடைசியாகச் சொல்பவரை மெத்தையோடு தூக்கித்தான் இறக்குகிறார்கள். மாமா முழங்கால் வலியையும் பொருட்படுத்தாமல் வருடா வருடம் எபினேயிலிருந்து வந்து ஒரு மூலையைப் பிடிக்கிறார். கதை ஒன்றையும் அவர் கேட்பதில்லை. ஆட்களின் பருமனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். மாமா வந்திருக்கும் நாளில் சாப்பாட்டு மேசையில் நான் எதையாவது கொஞ்சம் நீட்டிச் சொன்னால் போதும், என் மகள் பிரெஞ்சில் "தாத்தா, தூக்குவோமா?" என்பாள். மாமா சட்டைக் கையை மடிக்கத் தொடங்குவார்.