மிச்சக் காலும் கள்ளத் தலையணையும்

கல்முனை,
செவ்வாய்க்கிழமை, அஸருக்குப் பிறகு.

கண்ணியத்துக்குரிய மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அக்கரைப்பற்றில் தாங்களும் பிள்ளைகளும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாயிருப்பீர்கள். இங்கே நாங்களும் சுகம். சுகம் என்று எழுதுவது மரியாதை என்பதால் எழுதினேன், மற்றப்படி இந்த வீட்டில் எனக்கு நடப்பது பச்சை அநியாயம். போனில் சொல்லலாமென்றால் போன் எந்த நேரமும் உங்கள் தங்கச்சியின் கையில். குற்றவாளியின் கையிலேயே முறைப்பாட்டைக் கொடுக்க ஏலுமா? அதனால்தான் கடிதம். நமக்குத் தெரிந்த பஸ் கொண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன்.

நாலு மாதத்துக்கு முன் இரத்தத்தில் சீனி கூடின வருத்தத்தால் என் இடது காலை முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் விட்டு எடுத்தது உங்களுக்குத் தெரியும். போன கால் போகட்டும், அதைப் பற்றி நான் ஒரு சொல் கதைக்கவில்லை. வெட்டின இடத்தில் மிஞ்சின அந்த ஒரு சாண் மிச்சக் காலைப் பற்றித்தான் முறைப்பாடு. பயிற்சி கொடுக்க வருகிற பாண்டிருப்புப் பிள்ளை மேனுஜா எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்லியிருக்கிறாள். தினமும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஒற்றித் துடைத்து, அடிப்பக்கத்தில் சிவப்பு, காயம் ஏதும் உண்டா என்று கண்ணாடி பிடித்துப் பார்த்து, பண்டேஜைக் குறுக்கும் மறுக்குமாகச் சுற்ற வேண்டும். எண்ணெய் கூடாது, பவுடர் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. "அங்கிள், முழங்காலுக்குக் கீழ தலகணி மட்டும் வெக்கப்படா. வெச்சா சுகமாத்தான் இரிக்கும். ஆனா முழங்கால் மடங்கினபடியே இறுகிரும். மறுகா பொய்க்கால் போட ஏலாது." வருகிற வியாழக்கிழமை முழங்காலை அளக்கப் போகிறார்கள். நிமிர்ந்தால் கால் கிடைக்கும், நிமிராவிட்டால் சக்கர நாற்காலிதான்.

முப்பத்தொரு வருஷம் பஸ் செக்கராக இருந்தவன் நான். ஓடுகிற பஸ்ஸில் தாவி ஏறி டிக்கட் கேட்டவன். இன்றைக்கு மருமகன் என்னை அரிசி மூட்டை மாதிரித் தூக்கி ஓட்டோவுக்குள் வைக்கிறார். எனக்குப் பெரிய ஆசை ஒன்றுமில்லை மச்சான். ஒருவரும் பிடிக்காமல், பஸ் முன்படியில் நானாக ஏறி, உங்கள் வீட்டுக்கு வர வேண்டும்.

ஆனால் ஊர் விடுகிறதா? நோய் விசாரிக்க வருகிறவர்கள் ஸலாம் சொன்ன கையோடு தலையணையைத் தேடுகிறார்கள். "பாவம், கால் அந்தரத்தில கிடக்கு" என்று சொல்லிக்கொண்டே மிச்சக் காலைத் தூக்கி ஒன்றைச் செருகிவிட்டு, நன்மை கிடைத்துவிட்ட முகத்தோடு தேத்தண்ணி குடிக்கிறார்கள். நான் உருவி எறிந்தால், "வருத்தக்காரன், கோபம் வரும்தானே" என்று இன்னொன்றைக் கொண்டுவருகிறார்கள். வேண்டாம் என்று குடும்ப வாட்சப் குறூப்பில் போட்டேன். அறுபது பேர் துஆச் செய்யும் கைப் படம் அனுப்பினார்கள், வாசித்தவர் ஒருவருமில்லை.

அதைவிடப் பெரிய கூத்து போன கிழமை நடந்தது. முழங்கால் நிமிர்வதற்காக நாளுக்கு இரண்டு தரம் அரை மணித்தியாலம் குப்புறப் படுக்க வேண்டும். படுத்தவன் அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டு சப்ரி, சீனி வருத்தக்காரனுக்குத் தயிர்ச் சட்டியும் இனிப்புப் பாணிப் போத்தலும் தூக்கிக்கொண்டு வந்தவர், நான் கிடந்த கோலத்தைப் பார்த்துவிட்டு, தொட்டுக்கூடப் பார்க்காமல், ஆள் முடிந்தது என்று "இன்னாலில்லாஹி" சொல்லிவிட்டார். பிறகென்ன? வாசலில் பிளாஸ்டிக் கதிரை இறங்குகிறது, பள்ளிவாசல் மைக்கில் அறிவிக்க ஆள் போகிறது. நான் எழும்பி, "ஆருக்கு மௌத்து?" என்று கேட்டேன். வந்த வெட்கத்துக்கு ஏதாவது செய்ய வேண்டுமே, ஆளுக்கொரு தலையணையைத் தூக்கிக்கொண்டு என் காலடிக்கு வந்தார்கள். தயிர்ச் சட்டியைத் திருப்பிக் கொடுக்க உங்கள் தங்கச்சிக்கு மனம் வரவில்லை, எனக்குத் தரவும் மனம் வரவில்லை. அவவே தின்றுவிட்டா.

இனித்தான் முக்கிய விடயம். வெளியாட்களை வாசலோடு நிறுத்திவிட்டேன். வீட்டிலிருந்த ஏழு தலையணையையும் அலுமாரியில் பூட்டி, திறப்பை இடுப்பில் முடிந்துகொண்டேன். என் தலைக்கு மட்டும் ஒன்று. அப்படியிருந்தும் தினமும் பகல் லுஹர் தொழுதுவிட்டுப் படுத்து, பின்னேரம் அஸருக்கு எழும்பினால் காலுக்குக் கீழே தலையணை! எந்தத் தலையணை? என் தலைக்கு வைத்ததே. கழுத்து வலியில் திருப்ப ஏலாது. தூங்குகிற மனுஷனின் தலைக்குக் கீழே இருந்து உருவி எடுக்கிற அளவுக்கு ஒரு ஆள் துணிந்திருக்கிறது. அந்த நேரம் அறைக்குள் வந்து போகிற ஆள் உங்கள் தங்கச்சி ஒருவர்தான்.

கேட்டேன். "வல்லாஹி, நான் வெக்கல்லங்க" என்கிறா. இந்தச் சொல்லை நான் கேட்காததா? "டிக்கட் எடுத்தன் சேர், காத்தில பறந்திட்டு" என்று சத்தியம் பண்ணினவர்கள் எத்தனை பேர்! அவவுக்கு நான் நடப்பதில் விருப்பமில்லை என்றுதான் நினைக்கிறேன் மச்சான். கதிரையில் கிடந்தால் ஒரு இடத்தில் கிடப்பேன் அல்லவா? நாலு நாளாக ஏசுவதைத் தவிர நான் அவவோடு ஒன்றும் கதைக்கவில்லை. சோறு வைத்தால் தின்கிறேன், அவ்வளவுதான். நிக்காஹ் அன்று வாப்பாவின் ஸ்தானத்தில் நின்று அவவை என் கையில் தந்தவர் நீங்கள். ஆகவே நீங்களே வந்து விசாரித்து ஒரு முடிவு சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

தங்களுக்கும் வீட்டாருக்கும் நீண்ட ஆயுளையும், சீனி இல்லாத இரத்தத்தையும் வல்ல நாயன் தருவானாக.

இப்படிக்கு,
நியாயம் கேட்கும் மச்சினன்,
எம். ஐ. உதுமாலெவ்வை

பி.கு. (வியாழன் பின்னேரம்): கொண்டக்டர் இரண்டு நாள் லீவில் நின்றதால் கடிதம் வீட்டிலேயே கிடந்தது. புதன்கிழமை மகள் பஸ்மினா, எங்கள் சண்டையைக் கேட்டுச் சலித்து, எனக்குத் தெரியாமல் அவளுடைய போனை அலுமாரிக்கு மேல் வைத்து வீடியோப் படம் பிடித்திருக்கிறாள். இன்று காலை, அளக்கிற இடத்தில் காத்திருக்கும்போது என்னிடம் காட்டினாள்.

படத்தில் நான் தூங்குகிறேன். என் கைதான் தடவித் தடவிப் போகிறது. என் தலைக்குக் கீழே இருந்து நானே உருவி, நானே காலுக்கு வைக்கிறேன். உங்கள் தங்கச்சி வருகிறா. தலையணையை எடுத்து, என் தலையைத் தூக்கி, பழையபடி வைக்கிறா. நான் திரும்ப இழுக்கிறேன். அவ திரும்ப எடுக்கிறா. எட்டுத் தரம் எண்ணினேன், அதற்குப் பிறகு எண்ணவில்லை. கடைசியில் அவ கட்டிலில் குந்தி, இரண்டு கையாலும் என் முழங்காலை அமத்திப் பிடித்துக்கொண்டு, "நீட்டுங்க, நீட்டுங்க. பஸ்ஸில ஏறணுமே" என்கிறா. அஸர் பாங்கு சொல்லும்வரை பிடித்திருந்தா. தொழ எழும்பிப் போனா. அந்த இடைவெளியில் நான் வேலையை முடித்துவிட்டு, கண் விழித்து, அவவை ஏசியிருக்கிறேன். நீங்கதான் என்று அவ சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்.

அளந்து பார்த்த மேனுஜா, "நல்லா நிமிருது அங்கிள். ஆரு பாத்துக்கிட்ட?" என்று கேட்டாள். உங்கள் தங்கச்சி காது கேளாத மாதிரிப் பண்டேஜைச் சுருட்டிக்கொண்டிருந்தா.

எழுதின றிப்போட்டைக் கிழிக்கிற பழக்கம் எனக்கில்லை, கீழே முடிவை எழுதுவதுதான் வழக்கம். முறைப்பாடு வாபஸ். ஆள் பிடிபட்டார், நான்தான். நீங்கள் வரத் தேவையில்லை, நாங்கள் வருகிறோம். கால் கிடைத்ததும் இரண்டு டிக்கட் எடுப்பேன், யன்னல் பக்கம் அவவுக்கு. முன்படியில் ஏறும்போது ஒருவரும் என்னைப் பிடிக்கக்கூடாது என்று மேலே எழுதியிருக்கிறேன். அதில் ஒரு திருத்தம். அவ பிடிக்கலாம்.