ஸ்டிக்கரில் உள்ளபடி

மெமரிப் பட்டை கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளே போக மறுத்தது.

ஆய்வாளர் முதலில் ஒரு கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு இரண்டு கட்டைவிரலாலும். பிறகு முட்டி போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, உடம்பின் பாரத்தையெல்லாம் தோளுக்குக் கொண்டுவந்து அழுத்தினார். பெட்டி சாய்ந்திருந்த மேஜைதான் நகர்ந்தது.

"என்னங்க, மாட்டலையா?" தோளில் லாப்டாப் பையோடு வாசலில் நின்றபடி மனைவி கேட்டாள்.

"மாட்டும். மாட்டித்தான் ஆகணும். ஸ்டிக்கர்ல என்ன மாடல் போட்டிருக்கோ அதுக்குப் பொருத்தமானதாப் பாத்துப் பாத்து வாங்கியிருக்கேன்."

"அப்ப ரெண்டு மூணு நாள் ஆகுமா?"

"ஒரு மணி நேரம்."

"அவசரமே இல்லைங்க, பொறுமையாப் பண்ணுங்க. நான் மேல்வீட்டுல உக்காந்து வேலையைப் பாக்கறேன்." அவள் செருப்பை மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறிவிட்டாள்.

ஆய்வாளர் என்பது அவருடைய பெயரல்ல, பெயரை விழுங்கிவிட்ட உத்தியோகம். ஒரு பெரிய அலுவலகத்தின் கொள்முதல் பிரிவில், வந்து இறங்கும் பெட்டிகள் கேட்ட பொருள்தானா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவர் வேலையாக இருந்தது. "பெட்டியைத் திறந்து பாத்துச் சொல்ல எவனாலயும் முடியும். திறக்காமச் சொல்றவன்தான் ஆய்வாளர்" என்பது அவர் கொள்கை. ஒருமுறை தண்ணீர்ப் பம்பு என்று ஒட்டியிருந்த பெட்டிகளுக்குள் மின்விசிறிகள் இருந்தன. அவர் அசரவில்லை. "பெட்டி சரி, உள்ளே இருப்பதுதான் தவறு" என்று குறிப்பெழுதினார். கடைசிவரை அந்த விசிறிகள் பம்புகளாகவே கருதப்பட்டன.

சமீபத்தில் ஓய்வு பெற்றார். ஆய்வு ஓயவில்லை. வீட்டில் ஆய்வதற்கு அகப்பட்டது மனைவியின் வேலை ஒன்றுதான். கட்டட வரைபடம் போட்டுக் கொடுப்பவள் அவள். இத்தனை காலம் யார் யாருக்கோ துணையாக வரைந்தவளுக்கு இப்போதுதான் முதல்முறையாக ஒரு மருத்துவமனைக் கட்டடம் சொந்தப் பொறுப்பில் வந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் வரைபடம் வராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று கட்டுபவர்கள் கறாராகச் சொல்லியிருந்தார்கள். ஆய்வாளர் தினமும் காபி டம்ளரோடு அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"இந்தக் கதவு ஏன் இந்தப் பக்கம் திறக்குது?"

"ஸ்ட்ரெச்சர் போகணுங்க."

"கழிப்பறை கொஞ்சம் தள்ளி இருந்தா என்ன?"

"தள்ளினா ஆபரேஷன் தியேட்டருக்குள்ள வந்துடும்."

"சும்மா ஒரு யோசனைக்குச் சொன்னேன். அது என்ன, அந்தக் கோடு மட்டும் இவ்வளவு மெலிசா இருக்கு?"

இப்படி வாரக்கணக்கில் நின்றதில், திரையில் ஒரு வட்டம் அவ்வப்போது சுற்றுவதை அவர் கண்டுபிடித்தார். தீர்ப்பும் உடனே வந்தது. "கம்ப்யூட்டர் கிழடாயிடுச்சு. அதான் உன் வேலை நகர மாட்டேங்குது."

மனைவி நாற்காலியைத் திருப்பி அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். "ஆமாங்க, அதேதான்" என்றாள் பிறகு. "ப்ராசஸர், மெமரியெல்லாம் மாத்தினா சரியாயிடும்னு தோணுது. அதெல்லாம் எனக்கு என்ன தெரியும்? நீங்க பாத்துச் செஞ்சு குடுத்தீங்கன்னா நல்லாருக்கும்."

ஓய்வு பெற்ற பிறகு முதல்முறையாக ஒரு கோரிக்கை! மறுநாள் காலையில் அவர் எழுந்தபோது அவள் தன் வரைபடங்களையெல்லாம் பழைய லாப்டாப்பில் பத்திரமாக எடுத்து வைத்திருந்தாள். என்ன முன்யோசனை! எல்லாம் என்னோடு இருந்து கற்றுக்கொண்டது என்று ஆய்வாளர் பூரித்தார். கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டில் மாடல் ஸ்டிக்கர் பளிச்சென்று இருந்தது. ஓரத்துக்கு இணையாக, ஸ்கேல் பிடித்து ஒட்டினாற்போல அவ்வளவு நேர்த்தி. "கம்பெனிக்காரன் ஒட்டினா அது தனிதான்" என்று தடவிப் பார்த்தார். அந்த மாடலுக்கு எந்த ப்ராசஸர் பொருந்தும், எந்தத் தலைமுறை மெமரி பொருந்தும் என்று நாள் முழுக்க உட்கார்ந்து துருவித் துருவிப் படித்து, கடைக்குப் போய் வாங்கிவந்தார்.

அந்த மெமரிதான் இப்போது உள்ளே போக மறுத்தது. பட்டையில் வெட்டு ஓரிடத்தில் இருந்தது, எல்லாவற்றையும் தாங்குகிற மதர்போர்டில் அதற்கான மேடு வேறிடத்தில் இருந்தது.

ஆய்வாளர் யோசித்தார். மெமரி ஸ்டிக்கரில் உள்ளபடி இருக்கிறது. போர்டு ஸ்டிக்கரில் உள்ளபடி இல்லை. ஆகவே போர்டு போலி. அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

"சார், போர்டு மேலயே ஒரு நம்பர் அடிச்சிருப்பான். அதைப் பாத்தீங்களா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"போலி மேல இருக்கற நம்பரைப் பாத்து என்ன பண்றது? மாடல்தான் ஸ்டிக்கர்ல இருக்கே!"

"அதுவும் சரிதான் சார்." தெளிவாகப் பேசுகிற வாடிக்கையாளரைக் குழப்பக் கூடாது என்பது கடைக்காரரின் தொழில் தர்மம். ஸ்டிக்கரில் இருந்த மாடலுக்கான போர்டைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு, பழைய போர்டைக் கழிவு விலைக்கு எடுத்துக்கொண்டார்.

புதிய போர்டில் மெமரி வெண்ணெயாக இறங்கியது. ப்ராசஸரும் உட்கார்ந்தது. போர்டுதான் பெட்டிக்குள் உட்காரவில்லை. திருகாணி ஓட்டைகள் ஒன்றையொன்று முன்பின் பார்த்திராதவை போல விலகி நின்றன. மின்சாரம் கொடுக்கும் வயரின் தலையும் சேரவில்லை. அதற்காக வேறு பவர் சப்ளை வாங்கினால், அது பெட்டியில் அதற்கென்றிருந்த இடத்தைவிட ஒரு சுற்று பெருத்திருந்தது.

இந்த இடத்தில் சாதாரண மனிதன் பெட்டியைச் சந்தேகித்திருப்பான். ஆனால் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதே பெட்டியில்தானே! அது எப்படித் தப்பாக இருக்க முடியும்? கொஞ்சம் திருத்தினால் போதும். ஆய்வாளர் இரும்பறுக்கும் ரம்பம் வாங்கிவந்தார்.

மாலையில் மனைவி இறங்கி வந்தபோது கூடமெங்கும் இரும்புத் தூள். பெட்டியின் ஒரு பக்கம் நாய் கடித்த ரொட்டி மாதிரி இருந்தது.

"என்னங்க இது?"

"சின்னத் திருத்தம்."

"நல்லாப் போகுதுங்க" என்றாள் அவள். "நாளைக்கு முடிஞ்சிடாதே?"

"முடிச்சிடுவேன்."

"ஐயோ, உடம்பை வருத்திக்காதீங்க." அவள் குரலில் இருந்த பதற்றம் ஆய்வாளரின் நெஞ்சைத் தொட்டது.

மறுநாள் சுவிட்சைப் போட்டார். விசிறி சுற்றியது. பெட்டி 'பீப்' என்றது. மறுபடியும் 'பீப்' என்றது. திரை மட்டும் விழிக்கவில்லை.

கடைக்காரர் அனுதாபத்தோடு தலையாட்டினார். "இந்த போர்டுக்கு இந்த ப்ராசஸரைத் தெரியாது சார்."

"தெரியாதுன்னா? பொருத்தமானதுன்னு நானே படிச்சுப் பாத்தேனே!"

"பொருத்தம்தான் சார். ஆனா போர்டுக்குள்ள இருக்கற புரோகிராம் பழசு. இந்த ப்ராசஸர் அதுக்கப்புறம் வந்தது. புரோகிராமைப் புதுப்பிச்சாத்தான் அடையாளம் தெரியும். புதுப்பிக்கணும்னா போர்டு ஓடணும். ஓடணும்னா அதுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச பழைய ப்ராசஸர் ஒண்ணு வேணும்."

"அப்ப பழசை வாங்கி, மாட்டி, புதுசை அறிமுகப்படுத்தி வச்சிட்டு, பழசைத் தூக்கிப் போடணுமா?"

"ஆபீஸ்ல உங்களுக்கும் அப்படித்தானே சார் பண்ணியிருப்பாங்க?"

ஆய்வாளர் பழைய ப்ராசஸரை வாங்கிக்கொண்டு நடந்தார்.

அது வியாழக்கிழமை. அன்று சாப்பிடும்போது அவருக்குச் சோறு இறங்கவில்லை. எதிரே மனைவி இரண்டாம் முறை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முகம் தெளிந்திருந்தது. நடுவில் ஒரு பாட்டுக்கூட முணுமுணுத்தாள். கஷ்டத்தை வெளியே காட்டிக்கொள்ளாதவள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை" என்றார்.

"ஆமாங்க."

"என்னால உன் வேலை போயிடுமோன்னு பயமா இருக்கு."

அவள் கை தட்டிலேயே நின்றது. முதல்முறையாக அவள் முகத்தில் ஒரு சங்கடம் தெரிந்தது. "போகாதுங்க. எப்படியாவது சமாளிச்சிடுவேன்."

"அந்தப் பொடி லாப்டாப்புல, அடுத்தவங்க வீட்டுல ஒண்டிக்கிட்டு..."

"அங்க ஒண்ணும் தொந்தரவு இல்லைங்க" என்று சொல்லி, அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆய்வாளர் வீர வெறியோடு உட்கார்ந்தார். புதிய ப்ராசஸரைக் கழற்றினார். பழையதை மாட்டக் குனிந்தபோது கை வழுக்கி, அதன் மூலை போர்டில் இருந்த ஊசிக் கம்பிகள்மேல் இறங்கிவிட்டது. கொத்தாகச் சாய்ந்தன. அவற்றை நிமிர்த்த மனைவி தலையில் குத்தும் ஹேர்பின்னைக் கொண்டுவந்தார். நிமிர்த்தியதில் சில நிமிர்ந்தன, சில கையோடு வந்தன. அப்படியே மூடி, சுவிட்சைப் போட்டார். இந்த முறை 'பீப்'கூட இல்லை. மெல்லிய புகை ஒன்று கிளம்பி, கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியாகப் போய்விட்டது.

பதறி எழுந்ததில் திருகாணி டப்பா உருண்டது. மேஜைக்கு அடியில் தவழ்ந்து போய்ப் பொறுக்கியவரின் கண்ணுக்கு நேரே, ரம்பம் பட்ட பெட்டியின் ஓரம். அங்கே ஸ்டிக்கரின் ஒரு முனை கிளம்பி நின்றது. ஒழுங்காக அழுத்தி ஒட்டலாம் என்று தொட்டார். அது அப்படியே உரிந்து கையில் வந்தது.

அடியில் இன்னொரு ஸ்டிக்கர் இருந்தது. பழுப்பேறி, கோணல்மாணலாக, வேறொரு மாடலைச் சொல்லிக்கொண்டு.

அந்தக் கழித்துக் கட்டிய போர்டு இந்த மாடலுடையதுதான்! பெட்டியும் இதனுடையதுதான்! ஆய்வாளருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கூடவே, இந்த மூன்று நாளில் முதல்முறையாக நெஞ்சு லேசாகவும் ஆனது. மோசடி! தன் பொருத்தத்தில் பிழையில்லை, படித்ததில் பிழையில்லை. ஒட்டியவன்தான் அயோக்கியன். இதை விற்றவனோ, ரிப்பேர் பார்த்தவனோ, எவனாக இருந்தாலும் சரி, கண்டுபிடிக்காமல் விடப்போவதில்லை.

அப்போது கதவு திறந்தது. மனைவியின் குரல் உற்சாகமாக உள்ளே வந்தது. கூடவே மேல்வீட்டம்மாவின் குரலும்.

"வரைபடத்தைப் பாத்துட்டு ஒரு திருத்தம்கூடச் சொல்லலைக்கா! அடுத்த கட்டடமும் எனக்கேதானாம்!"

மேஜைக்கு அடியில் ஆய்வாளரின் கண் கலங்கியது. பிழைத்தாள்! இந்தச் சந்தோஷத்தோடு மோசடியையும் இப்போதே அறிவித்துவிடலாம் என்று, உரித்த ஸ்டிக்கரை உயர்த்திப் பிடித்தபடி வெளியே வரத் தவழ்ந்தார்.

அவர் தலை வெளியே வருவதற்குள் மேல்வீட்டம்மா முந்திக்கொண்டாள்:

"அதெல்லாம் இருக்கட்டும்மா, அந்த மாதிரி ஸ்டிக்கர் இன்னொண்ணு இருந்தா எனக்குக் குடு. எங்க வீட்டுக்காரர் அடுத்த மாசம் ரிட்டயர் ஆகறார்."