இங்கே கடல்நாய் இல்லை

போர்த் தெலின், வேல்ஸ்
அக்டோபர், வெள்ளிக்கிழமை இரவு

அன்பும் மரியாதையும் மிக்க லோவ்ரி அத்தைக்கு, உங்கள் தம்பி மகள் மெரெரித் போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுவது.

இங்கே அப்பா, அம்மா, நான் எல்லோரும் நலம் என்றுதான் முதலில் எழுதினேன். பொய்யாகப் பட்டதால் அடித்துவிட்டேன். நீங்களும் மாமாவும் உங்கள் கோழிகளும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம் ஊர் சேர்ந்திசைக் குழுவைப் பற்றி இனி ஒரு வார்த்தைகூடக் காதில் விழக்கூடாது என்று சொல்லி, குழுவை நடத்தும் கோலை மேசைமேல் வைத்துவிட்டு நீங்கள் பக்கத்து ஊருக்குக் குடிபோனது எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் இந்தக் கடிதம் முழுக்க அந்தக் குழுவைப் பற்றித்தான். தயவுசெய்து கிழித்துவிடாதீர்கள். ஒரு உயிர் போய்விடும் போலிருக்கிறது.

தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். தொலைபேசி நடையில் இருக்கிறது, அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு அப்பா இருமிக்கொண்டிருக்கிறார். கைபேசிக்கு மலைமேல் ஏறினால்தான் சிக்னல். "இந்த விஷயம் மட்டும் எங்க அக்கா காதுக்குப் போச்சு, அப்புறம் நான் இந்த ஊர்லயே இல்ல" என்று வேறு அப்பா சொல்லியிருக்கிறார். ஒரு கையில் டார்ச்சைப் பிடித்தபடி எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

நடந்தது இது. போன வாரம் நம் வீட்டுக்குக் கீழே, பாறைகளுக்கு நடுவில் இருக்கும் கூழாங்கல் கரையில், ஒரு கடல்நாய் குட்டி போட்டது. வெள்ளை வெளேரென்ற குட்டி. வழக்கம்போல ஊரில் யாரும் வெளியே மூச்சுவிடக் கூடாது என்று முடிவானது. அப்பா பொறுப்பை ஏற்றுக்கொண்டார். அங்கேதான் எல்லாம் கெட்டது. வெளியூர்க்காரர்கள் வராமல் தடுக்க, பாதை தொடங்கும் இடத்தில் பெரிய எழுத்தில் ஒரு பலகை அடித்தார்: "இங்கே கடல்நாய் இல்லை." மறுநாளே வேலி ஓரம் முழுக்கக் கார்கள். ஒரு பெண்மணி அப்பாவிடம் வந்து, "எந்தப் பக்கம் இல்லைங்க?" என்று கேட்டார். அப்பா கையை நீட்டி, "அதோ, அந்தக் கறுப்புப் பாறைக்குப் பின்னால இல்ல" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன் அத்தை, பக்கத்தில் நின்று நானே கேட்டேன்.

இதில் இன்னொரு கொடுமை. அப்பா பலகையை அடித்த இடத்தில் ஏற்கெனவே ஒரு பலகை இருந்தது. பாறை முகட்டிலேயே இருங்கள், வானத்துக்கு எதிரே எழுந்து நிற்காமல் படுத்துப் பாருங்கள், கடல்நாய் தலை தூக்கி உங்களைப் பார்த்தால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள், கரையில் குட்டி தனியாகக் கிடந்தால் தாய் கைவிட்டதாக அர்த்தமில்லை என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். இப்போது அது அப்பாவின் பலகைக்கு அடியில் இருக்கிறது.

கூட்டம் வந்ததும் அப்பாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. குட்டியைக் காப்பாற்ற குழுவின் கட்டைக்குரல்காரர்கள் எட்டுப் பேரையும் காவலுக்கு இறக்கினார். முகட்டில் இல்லை அத்தை, கரையிலேயே! பளபளக்கும் மஞ்சள் சட்டை, மடக்கு நாற்காலி, தேநீர்க் குடுவை, எட்டுப் பேரில் ஒருவரான ஹெவின் மாமாவின் கேக் டப்பா. குட்டியைச் சுற்றி அரைவட்டமாக உட்கார்ந்துகொண்டார்கள். அப்பா ஒலிபெருக்கியில், "எல்லாரும் அமைதியா இருங்க!" என்று அலறுவார். பாறைகள் அதை வாங்கி மூன்று முறை திருப்பி அலறும். ஹெவின் மாமாவே, "இத்வல் அண்ணே, நீங்க அமைதியா இருக்கச் சொல்றதக் கேட்டா எனக்கே கடல்ல குதிச்சிடலாம்னு இருக்கு" என்றார். பொழுது போகவில்லை என்று எட்டுப் பேரும் பாடவும் தொடங்கினார்கள்.

தாய் கரைக்கு வரவில்லை. அலைகளுக்கு அப்பால் ஒரு புட்டியை நட்டுவைத்தது போல தலை மட்டும் நீட்டி நின்றபடி பார்த்துக்கொண்டே இருந்தது. "பாத்தியா, நம்மள நம்பிக் குழந்தைய விட்டுட்டு எவ்வளவு நிம்மதியா இருக்கு!" என்றார் அப்பா. பிறந்தபோது குட்டிக்குத் தோல் தொளதொளவென்று, அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டது போல இருந்தது. இந்நேரம் அது பீப்பாய் மாதிரி உருண்டிருக்க வேண்டும். இன்னும் அதே அண்ணன் சட்டைதான்.

வியாழக்கிழமை பேய்மழை. எட்டுப் பேரும் தேவாலயக் கூடத்துக்குத் தேநீர் குடிக்க ஓடினார்கள். நான் முகட்டில், முட்புதருக்குப் பின்னால், பழைய பலகை சொல்வது போல வயிற்றில் படுத்து பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தேன். கெண்டி கொதிக்கும் நேரம்கூட ஆகியிருக்காது, தாய் வந்துவிட்டது! அலையோடு கரையில் விழுந்து, அவ்வளவு பெரிய உடம்பைக் கூழாங்கற்கள்மேல் இழுத்து இழுத்து வந்து, குட்டியை ஒரு முறை மோந்து பார்த்து, பக்கவாட்டில் சாய்ந்து பால் கொடுக்கத் தொடங்கியது. நான் மூச்சே விடவில்லை. அப்போது பாதையில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. ஹெவின் மாமா, கேக் டப்பாவை மறந்து வைத்துவிட்டாராம். தாய் ஒரே ஒரு முறை தலை தூக்கியது. அடுத்த நொடி கற்கள் தெறித்தன, கரையில் அது இல்லை. குட்டி வாயைத் திறந்தபடியே கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இரவுச் சாப்பாட்டில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னேன். "அப்பா, நீங்க எல்லாரும் போனப்புறம்தான் அம்மா கடல்நாய் வந்துச்சு."

அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். "எவ்ளோ நேரத்துல வந்துச்சு?"

"உடனே."

"போறதுக்கு முன்னாடி நாங்க என்ன பாடிட்டு இருந்தோம்?"

"தாலாட்டுப்பா."

"அதான்! தாலாட்டக் கேட்டுத்தான் வந்திருக்கு!"

"பாட்டு நின்னதாலதான் வந்திருக்கும் இத்வல்" என்றார் அம்மா. அப்பா அதற்குள் ஹெவின் மாமாவைத் தொலைபேசியில் பிடித்துவிட்டார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் குழுவின் நாற்பது பேரும் கரையில் இறங்கித் தாலாட்டுப் பாடித் தாயை அழைக்கப் போகிறார்கள். ஆர்கனை டிராக்டர் வண்டியில் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். நாற்பது பேர் அத்தை! அதோடு தாய் இந்தக் கடலைவிட்டே போய்விடும்.

அப்பாவைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். தினமும் விடியும் முன்னே போய், குட்டி சிக்கிக்கொள்ளக் கூடாதென்று கரையில் ஒதுங்கிய தூண்டில் நரம்பையெல்லாம் பொறுக்குகிறார். குட்டி மெலிந்துவிட்டது என்று நேற்று பாத்திரம் கழுவும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு அழுதார். மனசு கஷ்டப்பட்டால் அவருக்குப் பாடத்தான் தெரியும்.

அதனால் நீங்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து அவரைத் திட்ட வேண்டும். உலகத்தில் அவர் பயப்படுவது உங்களுக்கு மட்டும்தான். உங்கள் பெயரைச் சொன்னாலே இன்னும் நிமிர்ந்து உட்காருகிறார். பாட்டுக்கு முன் நீங்கள் கோலைத் தூக்கினால் குழுவே அசையாது, ஹெவின் மாமா வாயில் இருக்கும் கேக்கைக்கூட மெல்ல மாட்டார், கோல் இறங்கிப் பாட்டு தொடங்கிவிட்டால்தான் அவர்களுக்கு நிறுத்தத் தெரியாது, அந்தக் கோபத்தில்தான் நீங்கள் போனீர்கள் என்று அம்மா சொல்வார். நீங்கள் பாட வேண்டாம், கோலைத் தொடவும் வேண்டாம். கரையைக் காலி பண்ணுங்கள் என்று ஒரு அதட்டல் போதும். நான் சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். காலை முதல் பஸ் ஓட்டும் ஷோனெட் அக்காவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவர் எந்தக் குழுவிலும் பாடுவதில்லை, நம்பலாம்.

மாமாவுக்கு என் வணக்கம். கோழிகள் குறையாமல் முட்டையிட்டு, உங்கள் மூட்டுவலி மழைக்காலம் முழுக்க வராமல் இருக்க வேண்டிக்கொள்ளும்,

உங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
மெரெரித்

பின்குறிப்பு: அத்தை, கோலைத் தொட வேண்டாம் என்று எழுதினேனே, அதை மறந்துவிடுங்கள். இப்போதுதான் திடீரென்று இருமல் நின்றது. அப்பா தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். கதவு திறந்தது. நான் கடிதத்தின்மேல் உட்கார்ந்துகொண்டேன். திட்டப்போகிறார் என்று கண்ணை மூடினேன், சத்தமே வரவில்லை. கண்ணைத் திறந்தால், அப்பா வாயை அசைக்கிறார், வெறும் காற்று வருகிறது! மழையில் பாடியும் ஒலிபெருக்கியில் கத்தியும் குரல் சுத்தமாகப் போய்விட்டது. அவர் கையிலும் ஒரு கடிதம். காலை பஸ்ஸில் கொடுத்துவிடு என்று சைகை காட்டினார். உங்களுக்குத்தான். "அக்கா, என் குரல் போச்சு. நான் கத்தலேன்னா இவனுங்க மதிக்க மாட்டானுங்க. ஞாயித்துக்கிழமை கோல நீ எடு. குட்டி செத்துடும்க்கா" என்று எழுதியிருக்கிறார். இரண்டையும் ஒரே உறையில் வைக்கிறேன். சரி என்று சொல்லிவிடுங்கள் அத்தை. நாற்பது பேரையும் முகட்டுக்கு வரச் சொல்லுங்கள், மஞ்சள் சட்டை இல்லாமல். புதருக்குப் பின்னால் எல்லோரையும் வயிற்றில் படுக்க வையுங்கள். பிறகு கோலைத் தூக்குங்கள். குட்டிக்கு வயிறு நிறையும்வரை இறக்காதீர்கள். உங்களுக்குக் கை வலித்தால், பக்கத்தில் படுத்து நான் தாங்கிப் பிடிக்கிறேன்.