இரண்டாவது சீட்

"யா அல்லாஹ்!" என்று ஷாஹுல் ஹமீது கத்தினார். ஸ்டூலிலிருந்து அவர் விழவில்லை. விழுந்தது விமானம்.

டியூப்லைட் மாற்றத்தான் ஏறினார். கழற்றிய லைட்டைப் பிடித்துக்கொண்டு அவர் திரும்ப, அதன் இன்னொரு முனை ஷோகேஸின் உச்சியைத் தடவிவிட்டுப் போனது. லைட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அந்தப் பாழாய்ப்போன லைட் உடைந்திருக்கக் கூடாதா? கடையில் வேறு வாங்கிக்கொள்ளலாம். உடைந்தது மகன் சஃப்வான் செய்த விமானம். சஃப்வானை இனி எந்தக் கடையில் போய்க் கேட்பது?

உள்ளங்கையில் அடங்குகிற பிளாஸ்டிக் விமானம் அது. பெட்டிக்குள் துண்டு துண்டாக வரும். ஒட்டி, பெயிண்ட் அடித்து முழுசாக்கிக்கொள்ள வேண்டும். பெட்டியில் வந்தபடி பார்த்தால் ஒரே ஒரு ஆள் ஓட்டுகிற பழைய போர் விமானம். பெட்டிப் படத்தைப் பார்த்த அம்மா நஸ்ருன்னிசா ஒரு வார்த்தை கேட்டுவிட்டாள்.

"இன்னாடா இது, ஒரே ஒரு சீட்டு! பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இல்லாம பாவம், தனியாவா போவான்?"

பையன் விமானத்தை நடுவில் வெட்டி, கொஞ்சம் நீட்டி, பின்னால் இரண்டாவது சீட் வைத்தான். அதில் நகத்தளவு பொம்மை ஒன்றை உட்கார வைத்து, தலையில் பச்சைத் துணியால் துப்பட்டா போட்டுவிட்டான்.

"இது நீதாம்மா. பின்னாடி உக்காந்துக்கினு 'மெதுவா போடா, மெதுவா போடா'ன்னு சொல்லிக்கினே வருவே."

"நான் எங்கடா?" என்று கேட்டார் ஷாஹுல் ஹமீது.

"நீங்க கடைக்குப் போங்க அத்தா. பெருநாள் ஆர்டர் எவ்ளோ கெடக்கு!"

இதெல்லாம் நடந்த அதே வருடம், ஒரு மழை நாளில் பைக்கை எடுத்துக்கொண்டு போனவன் திரும்பி வரவில்லை. அன்றைக்கு பைக்கின் பின்சீட்டில் யாரும் இல்லை. மெதுவாகப் போடா என்று சொல்லவும் ஆள் இல்லை. மூன்று வருடம் ஆகிவிட்டது.

நஸ்ருன்னிசா அப்போது படுத்த படுக்கையானாள். ஒரு வெள்ளிக்கிழமை காலை, யாரும் சொல்லாமலே எழுந்தாள், குளித்தாள், விமானத்தின் மேலிருந்த தூசியைக் கண்மை பிரஷ்ஷால் துடைத்தாள், பிறகு சோறு வடித்தாள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறியதில்லை. அந்த விமானம்தான் தன் மனைவியைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறது, அது போனால் அவளும் போய்விடுவாள் என்பது ஷாஹுல் ஹமீதின் திடமான எண்ணம். அவரால் அதை நேராகப் பார்க்க முடியாது. ஷோகேஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் சாப்பிடவே உட்காருவார்.

இன்று செவ்வாய். நஸ்ருன்னிசா அடையாறில், முழங்கால் ஆபரேஷன் ஆன தங்கை தஹ்சீன் வீட்டில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை காலை வந்துவிடுவாள்.

போன் அடித்தது. அவளேதான்.

"சாப்ட்டீங்களா? டியூப்லைட் எரியலன்னீங்களே, நீங்க ஏறாதீங்க. ஷோகேஸ் பக்கம் போகவே போகாதீங்க. கீழ போட்டுருவீங்க."

"நான் இன்னா சின்னப் புள்ளையா?" என்றார் ஷாஹுல் ஹமீது, ஒரு இறக்கையைக் கையில் வைத்துக்கொண்டு.

முன்பெல்லாம் அவள் இப்படிச் சொல்ல மாட்டாள். ஒரு வருடமாகத்தான் அந்த ஷோகேஸுக்கு இத்தனை காவல்.

தரையில் உட்கார்ந்து பொறுக்கினார். ஒரு இறக்கை தனி. சீட்டுகளை மூடுகிற கண்ணாடி மூடி தனி. பொம்மை சோஃபாவுக்கு அடியில். உடம்பில் இன்னும் இரண்டு இடத்தில் விரிசல். வாலைத் திருப்பிப் பார்த்தபோது, அடியில் பசை வழிந்து காய்ந்திருந்தது. சஃப்வான் கை சுத்தமானவன் ஆயிற்றே! பரீட்சை அவசரத்தில் செய்திருப்பான் போலிருக்கிறது. அந்தக் காய்ந்த பசையில் ஒரு கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது.

ஷாஹுல் ஹமீது அந்த ரேகையின் மேல் தன் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு ஸ்டூல் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு, வீட்டில் யாரும் இல்லை என்கிற தைரியத்தில், வாய்விட்டு அழுதார்.

அழுது முடித்ததும் வேலையை ஆரம்பித்தார். அழுகையோடு நிறுத்தியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

செருப்பு ஒட்டுகிற பசை வீட்டில் இருந்தது, தொட்டால் ஒட்டும். இறக்கை ஒட்டிக்கொண்டது. கண்ணாடி மூடியும் ஒட்டிக்கொண்டது. கூடவே அவருடைய ஆள்காட்டி விரலும் ஒட்டிக்கொண்டது. விரலைப் பிய்த்து எடுத்துவிட்டுப் பார்த்தால், பசையின் புகை பட்டுக் கண்ணாடி முழுக்க வெள்ளை பூத்து, கண்புரை விழுந்த மாதிரி இருந்தது. உள்ளே பைலட்டும் தெரியவில்லை, பின்சீட்டுப் பொம்மையும் தெரியவில்லை.

வெள்ளையை எடுக்க நெயில் பாலிஷ் ரிமூவரைத் தொட்டுத் துடைத்தார். வெள்ளை போனது. கண்ணாடியும் போனது. இறக்கையின் பெயிண்ட் பஞ்சோடு வந்தது. பாதி உடம்பு வெயிலில் வைத்த ஜவ்வு மிட்டாயாகக் குழைந்தது. பொம்மையின் பச்சைத் துப்பட்டா சாயம் இறங்கி, இரண்டே இரண்டு நூலாகத் தொங்கியது. உருப்படியாக மிஞ்சியது வால் ஒன்றுதான்.

புதன்கிழமை கடையைத் திறந்து ஜுவேரியாவிடம் விட்டுவிட்டு ஆழ்வார்பேட்டைக்கு ஓடினார். கடை என்பது மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் அவருடைய லேடீஸ் டெய்லர் கடை. ஜுவேரியா அங்கே ஆறு வருடமாக ஹெம்மிங் செய்கிறவள். இரண்டு பிள்ளைக்குத் தாய். வாயும் ஊசியும் ஒன்றாக ஓடும்.

ஆழ்வார்பேட்டையில் மாடல் விமானம் விற்கிற சுப்பராமன், உருகிப்போன உடம்பைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, துக்கம் விசாரிக்கிற முகத்தோடு கேட்டார்.

"இது எப்படி ஆச்சு சார்?"

"கீழ விழுந்துடுச்சு."

"எந்த மாடியிலேர்ந்து?"

மகன் வைத்த இரண்டாவது சீட்டைப் பற்றியும் ஷாஹுல் ஹமீது சொன்னார். நல்ல வேளை, அதே மாடல் இருந்தது. "இதை யாருமே சீந்தறதில்லை. போன வருஷம் ஒண்ணு போச்சு, இது ஒண்ணுதான் மிச்சம். ஆனா இதுல ஒரு சீட்தானே? நடுவுல வெட்டி நீட்டணும்னா பெரிய வேலை சார், பழகினவா பண்ணணும்."

"முப்பது வருஷமா ஆல்டரேஷன் பண்றவன் சார் நானு. நீட்டுறது, பிடிக்கிறது எல்லாம் நமக்குக் கைவந்த கலை" என்று சொல்லிவிட்டு வந்தார் ஷாஹுல் ஹமீது.

அந்த வாய்தான் அவருக்குச் சத்துரு.

கடையில் தையல் மெஷினை ஓரம் கட்டிவிட்டு, புது விமானத்துக்கு அளவு எடுத்தார். கழுத்து, மார்பு, இடுப்பு. சாக்பீஸால் கோடு போட்டு, பைலட் சீட்டுக்குப் பின்னால் இரண்டாக அறுத்தார். நடுவில் சேர்க்க வேண்டிய துண்டு அரை இஞ்ச். ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வெட்டிச் சுருட்டி வைத்து ஒட்டினார். பெட்டிச் சாமான்களையும் வரிசையாகப் பூட்டினார். நிமிர்ந்து பார்த்தால், விமானம் ஓணான் மாதிரி நீண்டு கிடந்தது.

சுப்பராமனுக்குப் போன் போட்டார்.

"எவ்வளவு துண்டு வெச்சேள்?"

"அரை இஞ்ச்தான் சார். அப்புறம் தையலுக்கு அந்தப் பக்கம் ஒரு அரை, இந்தப் பக்கம் ஒரு அரை விட்டேன்."

சுப்பராமன் மெதுவாகக் கேட்டார்.

"சார், அதை நீங்க தைக்கவா போறேள்?"

ஷாஹுல் ஹமீது நாக்கைக் கடித்துக்கொண்டார். முப்பது வருடக் கை, மூளையைக் கேட்காமல் விட்டிருக்கிறது.

"நெஜ விமானத்துல எழுபத்திரண்டுல ஒரு பங்கு சார் இது. நீங்க கூட விட்ட ஒரு இஞ்ச், நெஜத்துல ஆறு அடி. உங்க பையன் ரெண்டாவது சீட்தான் வெச்சார். நீங்க படுக்கை வசதியே பண்ணிட்டேள்!"

சிரித்துவிட்டு, சிரித்ததற்கு வருத்தப்பட்டு, "நிதானமா பண்ணுங்கோ" என்று வைத்தார் சுப்பராமன்.

வியாழக்கிழமை காலை, ஆறடியையும் பிடிக்க ஆரம்பித்தார். வெட்டி ஒட்டியதில் முதுகில் மடிப்பு விழுந்தது. மடிப்பு விழுந்தால் டெய்லர் என்ன செய்வான்? ஈரத்துணியைப் போர்த்தி, இஸ்திரிப் பெட்டியை லேசாக வைத்தார். மடிப்பு மறைந்தது. புது வால் மட்டும் நாயின் வாலாகச் சுருண்டு நிமிர்ந்துகொண்டது.

பிளவுஸ் வாங்க வந்த மதுவந்தி மாமி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன பாய், சாயங்காலம் நிச்சயதார்த்தம், என் பிளவுஸைக் கிடப்புல போட்டுட்டு ஏரோப்ளேனுக்கு இஸ்திரி போடறேளா?"

"ஒரு அவசர ஆர்டரும்மா."

"யாரோடது?"

என் மகனோடது என்று சொல்ல வாயெடுத்தார். இஸ்திரிப் பெட்டியின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜுவேரியா சட்டென்று எழுந்து, "நாலு மணிக்கு வாங்க மாமி, ரெடியா இருக்கும்" என்று அவளை அனுப்பி வைத்தாள்.

"இன்னா மாமா, என்னாண்டகூட சொல்லக் கூடாதா? ரெண்டு நாளா சாப்பிடாம கொள்ளாம இதையே வெச்சிக்கினு கீறீங்க."

"இது இல்லன்னா உங்க மாமி உசுரோட இருக்க மாட்டாம்மா. அவ்ளோதான் சொல்லுவேன். நீ வேலையைப் பாரு."

ஜுவேரியா அந்த விமானத்தை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து, வாயில் நூலைக் கவ்விக்கொண்டாள். அவள் வாய் சும்மா இருந்தது அன்றைக்குத்தான்.

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? சுருண்ட வாலை அறுத்து எறிந்துவிட்டு, பழைய விமானத்தின் வாலையே எடுத்துப் பொருத்தினார். அதைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும் என்று தோன்றியது. ஆயிரம் இருந்தாலும் புது விமானம் கடைச் சரக்கு. பிள்ளையின் கை பட்டது ஏதாவது ஒன்று அதில் இருக்க வேண்டாமா? ரேகை இருந்த இடத்தில் பெயிண்ட் படாமல் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டு, மீதி உடம்புக்குப் பெயிண்ட் அடித்தார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நஸ்ருன்னிசாவின் பிரஷ் அந்த ரேகையைத் தொட்டுவிட்டுப் போகும். அவளுக்கே தெரியாமல் மகனின் கையைத் தொடுவாள். அந்த நினைப்பில் அவருக்கு இரண்டு நாளில் முதல் தடவையாகப் பசித்தது. டீயும் பன்னும் வாங்கிச் சாப்பிட்டார்.

மாலைக்குள் விமானம் முடிந்தது. ஒரு இறக்கை கொஞ்சம் தாழ்ந்துதான் இருந்தது. ஷோகேஸின் உயரத்தில் வைத்தால் தெரியாது. பழைய பொம்மையை ஊசி முனையால் தூக்கிப் பின்சீட்டில் உட்கார வைத்தார். மொட்டைத் தலையோடு அது அவரைப் பார்த்தது.

துப்பட்டாதான் பாக்கி. விரல் நீளத்துக்குப் பச்சைத் துணி வேண்டும். எந்தப் பச்சையும் ஆகாது. வாரா வாரம் அதைப் பார்க்கிறவள் நூல் மாறினாலும் கண்டுபிடித்துவிடுவாள். மிஞ்சிய இரண்டு நூலைக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தார். எங்கேயோ பார்த்த பச்சைதான். ஆனால் ஒரு டெய்லர் பார்க்காத பச்சை ஏது?

வெட்டுத் துணி மூட்டையைக் கவிழ்த்துக் கொட்டிக் கிளறினார். கிளிப்பச்சை, பாசிப்பச்சை, மருதாணிப்பச்சை எல்லாம் வந்தன. அது மட்டும் வரவில்லை.

"ஜுவேரியா, இந்த நூலைக் கொஞ்சம் பாரும்மா. இந்த மாதிரி துணி நம்மகிட்ட எங்கியாச்சும் கீதா?"

ஜுவேரியா நூலை வெளிச்சத்தில் பிடித்தாள். அவள் முகம் மாறியது.

"இது மூட்டையில கிடைக்காது மாமா. போன ரம்ஜானுக்கு வந்த பிஸ்தா ஷிஃபான் ஆச்சே. மிச்சம் என் பெட்டியில இருக்கு."

"போன ரம்ஜானா? தப்பா சொல்றியேம்மா. இது என் புள்ள வெச்ச துணி. அவன் போயே மூணு வருஷம் ஆச்சு."

"தப்பு இல்ல மாமா. என் கையாலதான் வெட்டிக் குடுத்தேன்."

"யாருக்குக் குடுத்தே?"

ஜுவேரியா ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, புது விமானத்தையும் அதன் வாலையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கண் நிறைந்திருந்தது.

"நம்ம வீட்டு மாமிதான் அழுதுக்கினே வந்தாங்க மாமா, கட்டைவிரல் பூரா பசை, 'துடைக்கசொல்ல கீழ போட்டுட்டேன்டி, தூள் தூளாப் போச்சு, நானே வேற வாங்கி ஒண்ணு செஞ்சிக்கினு கீறேன், உங்க மாமாவுக்கு மட்டும் தெரிய வேணாம், புள்ள கை பட்டது போயிடுச்சுன்னு தெரிஞ்சா அந்த மனுஷன் தாங்க மாட்டாரு'ன்னாங்க."