ஓர் இருமலுக்கு ஒரு வரி

தத்தாத்ரேய ஹெக்டே தரவேண்டிய பாக்கி நாலு லட்சத்துப் பதினெட்டாயிரத்து எழுநூறு ரூபாய். பட்டறையின் இரும்புக் கதவில் முதலாளி ருத்ரப்பா அதைச் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார். சம்பளம் கேட்டு யார் வாயைத் திறந்தாலும் கதவைக் காட்டுவார். உகாதிக்குப் பிறகு அந்தப் பட்டறையில் யாரும் சம்பளத்தைக் கண்ணால் பார்க்கவில்லை. கதவைத்தான் பார்த்தார்கள்.

இன்று ஹெக்டே சிர்சியிலிருந்து வருகிறார். தன் தோட்டத்துப் பாக்கைக் கொட்டி, தரம் பிரிக்கிற மிஷினைத் தன் விரலாலேயே ஓட்டிப் பார்ப்பார். ஓடினால் பணம். ஓடாவிட்டால் திங்கட்கிழமை பேங்க்காரன் வந்து அதே கதவுக்குப் பூட்டுப் போடுவான்.

மிஷினோ காலையிலிருந்து யார் விரலையும் மதிக்கவில்லை.

"அழுத்துறேன், அசைய மாட்டேங்குதே," என்றார் ருத்ரப்பா. திரையில் பட்டன்கள் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. தொட்டால்தான் ஒன்றும் நடக்கவில்லை. "நேத்து மத்தியானம் நல்லாத்தானே இருந்துச்சு?"

"தொடுதிரை செத்துப்போச்சு போல சார்," என்றான் சடாட்சரி. அந்த மிஷினுக்கு மூளை எழுதியவன் அவன். மூளை எழுதிய கூலி அவனுக்கும் வரவில்லை. வீட்டு வாடகை நின்றுபோய், பீன்யாவில் எந்தத் தெரு வழியாகப் போனால் வீட்டுக்காரர் கண்ணில் படாமல் வரலாம் என்பதைத்தான் அவன் மூளை இப்போது யோசித்துக்கொண்டிருந்தது.

"எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு."

"அவன் சம்பளம் இல்லாம போன மாசமே நின்னுட்டான் சார்."

ருத்ரப்பா கதவைப் பார்த்தார். தனக்கே கதவைக் காட்டிக்கொள்ளும் நிலைமை வந்துவிட்டது அவருக்கு.

"ஒரு வழி இருக்கு," என்றான் சடாட்சரி. "திரையில இருக்கிற பட்டனை விரலால அழுத்தினாலும் ஒண்ணுதான், என் லேப்டாப்ல கட்டளை அடிக்கிற கன்சோலைத் திறந்து ஒரு வரி தட்டினாலும் ஒண்ணுதான். பட்டன் தானா அமுங்கும், பச்சையாகும். பெரிய பட்டன் ஒண்ணுதானே, ஒரு தட்டுல ஓடும், மறு தட்டுல நிக்கும். அதுக்குக் கீழ கூட்டல் குறி. ஒரு தட்டுக்கு வேகம் ஒரு படி ஏறும். அவர் விரல் வைக்கட்டும், நான் அந்தத் தடுப்புப் பலகைக்குப் பின்னாலேர்ந்து வரியை அனுப்புறேன்."

"அவர் எப்ப விரல் வைக்கிறார்னு உனக்கு எப்படித் தெரியும்? நடுவுல யானை மாதிரி மிஷின் நிக்குதே."

"நீங்க இருமுங்க. ஒரு இருமலுக்குப் பெரிய பட்டன். ரெண்டு இருமலுக்கு வேகம்."

ருத்ரப்பா ஒருமுறை இருமிப் பார்த்தார். சடாட்சரி ஒரு வரி தட்டினான். பட்டன் பச்சையானது, மிஷின் ஓடியது. மறுபடி இருமினார், நின்றது. அந்தப் பட்டறையில் வெகுநாள் கழித்து ஒருவர் சிரித்தார்.

"இனிமே யாரும் திரையைத் தொடக் கூடாது. ஏ புட்டம்மா, மிஷினுக்குப் பூ வை. அந்த போனைக் கொஞ்சம் காதுலேர்ந்து எடு."

"தும்கூர்லேர்ந்து தங்கச்சி சாமி. அவ புருஷன் மறுபடி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான்," என்றாள் பட்டறையைக் கூட்டுகிற புட்டம்மா. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே மஞ்சள் குங்குமம் பூசினாள், சாமந்தி மாலை போட்டாள், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். வாசலில் ஹெக்டேயின் கார் சத்தம் கேட்டதும் மிஷினுக்குப் பின்னால் குனிந்து கடைசியாக எதையோ சரிசெய்துவிட்டு, சேலையில் கையைத் துடைத்தபடி காபி போடப் போனாள்.

ஹெக்டே வெள்ளை வேட்டியில், வாய் நிறைய வெற்றிலையோடு வந்தார். பின்னால் டிரைவர் ஒரு மூட்டைப் பாக்கைத் தூக்கி வந்தான். தேங்காய் உடைத்தார்கள், கற்பூரம் காட்டினார்கள். டிரைவர் மூட்டையை மிஷின் வாயில் கவிழ்த்தான்.

"எங்கே, நானே அழுத்தட்டுமா?" என்று ஹெக்டே விரலை வைத்தார்.

ருத்ரப்பா இருமினார். சடாட்சரி தட்டினான்.

மிஷின் ஒருமுறை உர்ரென்றது. நின்றுவிட்டது.

"ஏம்ப்பா, நாய் உறுமிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்ட மாதிரி இருக்கே," என்றார் ஹெக்டே.

"புது மிஷின் பாருங்க, கூச்சம். இன்னொரு தடவை."

அழுத்தினார். இருமினார். தட்டினான். உர். நின்றது.

ருத்ரப்பா எண்ணெய் டப்பா எடுக்கிற சாக்கில் பலகைக்குப் பின்னால் வந்தார். "ஒரு தடவை தட்டுடான்னா ரெண்டு தடவை தட்டுறியா?"

"சத்தியமா ஒரே தடவைதான் சார்."

"அப்ப ஏன் ஓடி ஓடி நிக்குது? அந்த ஆளுக்கு மூஞ்சி மாறுது. ஓடணும். எப்படியோ ஓடணும்."

சடாட்சரி ஒரு சின்ன நிரல் துண்டு எழுதினான்: மிஷின் நின்றால் உடனே பெரிய பட்டனை அழுத்து, இதையே விடாமல் பார்த்துக்கொண்டிரு. அனுப்பினான்.

மிஷின் ஓடியது. பாக்கு குலுங்கிக் குலுங்கி இறங்கி, சிவப்பு ஒரு தட்டிலும் வெளுத்தது ஒரு தட்டிலும் போய் விழுந்தது. ஹெக்டே ஒன்றை எடுத்து மோந்து பார்த்தார், கடித்துப் பார்த்தார்.

"பரவாயில்லையே ருத்ரப்பா. எங்க வீட்டுப் பொம்பளைங்க கூட இவ்வளவு சுத்தமாப் பிரிக்க மாட்டாங்க."

ருத்ரப்பாவின் கண் கதவுப் பக்கம் போனது. இந்தத் தடவை அதில் ஆசை இருந்தது.

ஆனால் பாக்கு ஓடினால் தூசி கிளம்பும். அதை அந்த இருவருமே மறந்துபோயிருந்தார்கள். முதலில் டிரைவர் இருமினான். அடுத்து ஹெக்டே இருமினார். ருத்ரப்பா இருமக் கூடாதென்று பல்லைக் கடித்து, கண்ணீர் விட்டு, கடைசியில் எல்லோரையும் விட அதிகமாக இருமினார்.

பலகைக்குப் பின்னால் சடாட்சரி ஓர் இருமல் விடாமல் தட்டிக்கொண்டிருந்தான். எது முதலாளி இருமல், எது விருந்தாளி இருமல் என்று பிரிக்க அவனிடம் மிஷின் இல்லை. ஒற்றை இருமலுக்கு ஒரு வரி, இரட்டை இருமலுக்கு ஒரு வரி. தட்டினானே தவிர ஒன்றும் நடக்கவில்லை. அப்போதுதான் நினைவு வந்தது: அந்தத் துண்டு ஓடுகிறவரை கன்சோல் காதைப் பொத்திக்கொண்டிருக்கும். தட்டியதெல்லாம் ரேஷன் கடை வரிசை மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும்.

"வேகத்தைக் கூட்டிப் பார்க்கிறேன்," என்று ஹெக்டே கூட்டல் குறியில் விரல் வைத்தார். வேகம் ஏறியது.

சடாட்சரிக்குப் புரியவில்லை. நான் அனுப்பியது இன்னும் வரிசையில் நிற்கிறதே, யார் அழுத்தினார்கள்? சரி, ஏதோ ஒரு வரி எப்படியோ முந்திக்கொண்டு போயிருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

"போதும். நிறுத்திக் காட்டு," என்று ஹெக்டே பெரிய பட்டனை அழுத்தினார்.

மிஷின் நின்றது. கண் மூடித் திறப்பதற்குள் மறுபடி ஓடியது.

மறுபடி அழுத்தினார். நின்றது. ஓடியது.

"ஓட மாட்டேன்னுச்சு. இப்ப நிக்க மாட்டேங்குதா? ருத்ரப்பா, இது மிஷினா, உன் மச்சினனா?"

ருத்ரப்பா பலகையைப் பார்த்து இருமினார். கெஞ்சி இருமினார். கடைசியில் வெட்கத்தை விட்டு, "சடாட்சரி, நிறுத்துடா," என்றே கத்திவிட்டார்.

"உள்ள யாருப்பா?" என்றார் ஹெக்டே.

சடாட்சரி வேறு வழியில்லாமல் ஓடிக்கொண்டிருந்த துண்டை முறித்தான். கன்சோல் காதைத் திறந்தது. வரிசையில் நின்ற அத்தனை இருமலும் ஒரே மூச்சில் உள்ளே போனது.

மிஷின் நின்றது, ஓடியது, நின்றது, ஓடியது. பிறகு வேகம் ஏறியது. ஏறியது. இன்னும் ஏறியது. பாக்கு தட்டில் விழுவதை விட்டுவிட்டுத் தகர மேற்கூரையில் போய் ஆலங்கட்டி மாதிரி அடித்தது. குத்துவிளக்கு உருண்டது. டிரைவர் மேசைக்கடியில் புகுந்தான். ஹெக்டே இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார். சடாட்சரி ஓடிவந்து மெயின் சுவிட்சை இறக்கியபோது, கடைசிப் பாக்கு ஒன்று மேலேயிருந்து நிதானமாக இறங்கி ஹெக்டேயின் வழுக்கையில் பட்டுத் தெறித்தது.

வெகுநேரம் யாரும் இருமக்கூட இல்லை.

ஹெக்டே வேட்டியை உதறினார். கோபப்படவில்லை. அதுதான் ருத்ரப்பாவுக்குப் பயமாக இருந்தது.

"முன்பணம் கொடுத்ததை நான் கேக்கலை. பாக்கியை நீ கேக்காதே," என்றார். "மிஷின் உன்கிட்டயே இருக்கட்டும். கணக்கு முடிஞ்சுது. டேய், அந்தப் பாக்கைப் பொறுக்கு."

டிரைவர் பொறுக்கினான். கார் கிளம்பிப் போயிற்று.

ருத்ரப்பா ஈரத்துணியை எடுத்துக்கொண்டு கதவுக்குப் போனார். எழுநூறை முதலில் துடைத்தார். அப்புறம் பதினெட்டாயிரத்தை. நாலு லட்சத்தைத் துடைக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். துரு மட்டும் மிச்சம் இருந்தது.

"என் எழுத்துல தப்பே இல்லை சார்," என்றான் சடாட்சரி, தரையில் உட்கார்ந்தபடி. "தட்டினது ஒரு தடவை. நடந்தது ரெண்டு தடவை. எப்படின்னுதான் தெரியலை. நான் இந்தத் தொழிலுக்கே லாயக்கில்லை. ஊருக்குப் போயி எருமை மேய்க்கிறேன்."

"எருமைக்கும் இருமிக் காட்டுவியா," என்றார் ருத்ரப்பா. சிரிக்க முயன்றார், வரவில்லை.

புட்டம்மா யாரும் குடிக்காத காபித் தம்ளர்களோடு வந்து நின்றாள். இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு நல்ல சேதி சொன்னால் மனசு ஆறுமென்று நினைத்தாளோ என்னவோ.

"திட்டாதீங்க சாமி. நேத்து சாயங்காலம் போனுக்குச் சார்ஜ் போட, அந்தத் திரைக்குப் பின்னாடி இருந்த சின்ன வயரைப் புடுங்கிட்டேன். ஆனா ஹெக்டே ஐயா கார் சத்தம் கேட்டதுமே, அவர் விரல் வைக்கிறதுக்கு முன்னாடியே, ஞாபகமா மறுபடி சொருகிட்டேன்."