கால், அரைக்கால், முக்கால்

"அட்டையில என் பேர் வரணும்."

கேட்டேவிட்டாள். 'எதை வேணா கேளு, பேரை மட்டும் கேட்டுடாதே, வேலை போயிடும்' என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். ஆனால் அப்பாவால் எழுத்துக்கூட்டிப் படிக்க முடிந்தவை இரண்டே வார்த்தைகள்: தன் கையெழுத்து, மகள் பேர். வீட்டின் முதல் பட்டதாரி படம் வரைந்த புத்தகத்தில் அவர் படிக்க ஒரு வார்த்தையாவது வேண்டாமா?

பதிப்பாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கென்னம்மா, போட்டுடுவேன். பேராசிரியர் ஒத்துக்கணுமே. முப்பது வருஷம் சதுப்புநிலத்துல சேறு மிதிச்சவரு. முகப்பு அட்டையில அவர் பக்கத்துல இன்னொரு பேரா?"

"அவரைக் கடிச்ச அட்டைதான் சார் என்னையும் கடிச்சுது. அந்த அட்டை ஆள் பாக்கலை. உங்க அட்டைதான் பாக்குது."

"வாய் மட்டும் குறைச்சல் இல்ல. முதல்ல இதை முடி. அவரே கைப்பட எழுதி அனுப்பினது."

ஒரு துண்டுச் சீட்டு. 'நாரை - கால். கொக்கு - அரைக்கால். நீர்நாய் - முக்கால்.'

"எல்லாத்தையும் முழுசா வரைஞ்சு குடுத்தாச்சே சார்?"

"எழுதினது எழுதினபடி!" என்று சொல்லிவிட்டு அவர் போனை எடுத்துக்கொண்டார்.

நீர்க்கரைப் பறவையைக் காலை வைத்துத்தான் அடையாளம் பிடிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதனால் நாரைக்குக் கால்களை மட்டும் வரைந்தாள். தொடைக்கு மேலே வெறும் காகிதம். கொக்குக்கு முட்டியோடு நிறுத்திக்கொண்டாள். நீர்நாய்தான் மனசைப் பிசைந்தது. பாவம், எந்தப் பொறியில் மாட்டியதோ! கண்ணைத் துடைத்துக்கொண்டே அதை மூன்று காலோடு வரைந்து முடித்தாள்.

பதிப்பாசிரியருக்குக் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. "உடம்பு எங்கே?"

"கால்னுதானே போட்டிருக்கு?"

"கால் பக்கம்மா! பக்கத்துல கால்!"

"பக்கத்துலதானே சார் கால் வரைஞ்சிருக்கேன்?"

"ஐயோ, அளவு! காகிதத்தை நாலா மடிச்சா வருமே, அந்தக் கால்! எட்டா மடிச்சா அரைக்கால்!"

மறுபடி வரைந்தாள். அளவுக்கு அடங்கியதில் நாரை கோழிக்குஞ்சாயிற்று, கொக்கு கொசுவாயிற்று. முக்கால் பக்கத்தை அடைத்துக்கொண்ட நீர்நாய் இரண்டையும் பசியோடு பார்த்தது.

"பறவைப் புத்தகமா, பேய்ப் புத்தகமா இது? நீர்நாயை இடுப்பு வரைக்கும் தண்ணியில இறக்கு."

இறக்கினாள். அது குளித்துவிட்டுத் துண்டு தேடும் பெரிய மனிதரைப்போல் நின்றது. கழுத்துவரை இறக்கச் சொன்னார். பிறகு மூக்குவரை. கடைசியில் குளத்தில் ஒரு உருளைக்கிழங்கு மிதந்தது.

"முழுசா முழுகிடட்டுமா சார்?"

"யாரு?"

"நீர்நாய்தான்."

"இந்த லட்சணத்துக்குப் பேர் வேற! போடாம இருக்கிறதுதான் உனக்கு மரியாதை."

அவ்வளவுதான். அலமாரியைத் திறந்தாள். இடுப்பளவு சேற்றில் நின்று வரைந்த முழுப் படங்கள் பன்னிரண்டையும் அள்ளிக்கொண்டாள். உருளைக்கிழங்குக்குப் பின்பக்கம் எழுதினாள்: 'வேலையை விடுகிறேன். பேராசிரியரிடம் நானே பேசிக்கொள்கிறேன். நீர்நாயை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.' அடியில் தன் பேரை, தெருவே படிக்கும் அளவுக்குப் பெரிதாகப் போட்டாள்.

வாசலில் ஒருவர் வழிமறித்தார். பேராசிரியரின் காப்பகத்தில் அடிபட்ட பறவைகளையும் பிராணிகளையும் பார்த்துக்கொள்கிறவர். ஆளுக்கு முன்னால் நாற்றம் உள்ளே வந்தது. கையில் ஒரு சீட்டு.

"சார், பூச்சி மாத்திரைச் சீட்டு இங்க வந்துடுச்சா? எதுக்கு எவ்வளவு மாத்திரைன்னு எழுதினது? ஐயா ரெண்டு சீட்டு குடுத்தாரு, மாத்திக் குடுத்துட்டேன்போல. இதுல 'எல்லாம் முழுசு'ன்னு இருக்கேன்னு நாரைக்கு ஒண்ணு, கொக்குக்கு ஒண்ணு, முழுசு முழுசாக் குடுத்துட்டேன். ரெண்டு நாளா கூண்டு கழுவியே இடுப்பு ஒடிஞ்சுபோச்சு!"

பதிப்பாசிரியர் சீட்டைப் பிடுங்கிப் படித்தார். முகம் வெளுத்தது. "அம்மா... நில்லும்மா! ஒரு நிமிஷம்!"

அவள் பாதிப் படி இறங்கியிருந்தாள். திரும்பவில்லை.

"சீட்டுல பேர் இருக்கிற பொண்ணா இது?" என்று மேலே அந்த ஆளின் குரல் கேட்டது. "முகப்புல பெரிசா வரணும்னு எழுதி அவங்க பேரைத்தான் ஐயா போட்டிருந்தாரு. புது நீர்நாய்க்கு வெச்ச பேருன்னு நெனச்சு, அது கூண்டு முகப்புல நானே பெயின்ட்ல எழுதிட்டேன் சார். இப்போ அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா, ஓடி வருது!"