சாயத் தண்ணீரில் போட்ட ப்ளேன்டீ

படித்தவள் செய்கிற முட்டாள்தனத்துக்கு ஈடே கிடையாது. உயர்தர வகுப்பில் இரசாயனவியல் படித்தவள் என்ற முறையில் இதைச் சத்தியம் செய்தே சொல்வேன்.

தெஹியோவிட்டப் பக்கம், எங்கள் தோட்டத்துக்கு மேலே ஒரு துணிச் சாயத் தொழிற்சாலை வந்தது. அன்றிலிருந்து எங்கள் லயத்து வீட்டு வரிசையை ஒட்டிய ஓடை ஒருநாள் சிவப்பு, ஒருநாள் நீலம். குளித்த பிள்ளைகளுக்கெல்லாம் அரிப்பு. தொழிற்சாலைக்குப் போய்க் கேட்டதற்கு, "சுத்தமாக்க வழியிருந்தா காட்டுங்க, செய்றேன்" என்று மெனேஜர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வழி என்னிடம் இருந்தது. குடித்து முடித்த தேயிலைச் சக்கையை, நிறம் இறங்குவது நிற்கும் வரைக்கும் திரும்பத் திரும்ப அவித்து, காயவைத்து, அடி வெட்டிய போத்தலில் அடைத்து, ஓடைத் தண்ணீரை ஊற்றினேன். சாயத்தைச் சக்கை பிடித்துக்கொள்ள, கீழே தெளிந்த தண்ணீர் சொட்டியது. லயமே கூடி நின்று பார்த்தது. மெனேஜரும் தன் முன்னால் செய்துகாட்ட நாள் குறித்தார்.

அதற்கு முதல்நாள் அம்மா தடுத்தார். "ஏன்டி, நாலு பெரிய மனுசங்க முன்னாடி நம்ம குடிச்ச சக்கையவா வைப்ப? மானம் போயிரும்!" தேயிலை பெக்டரியில் கழித்துப்போட்ட புது இலைநாரை ஒரு பை நிறைய அள்ளிவந்து கொடுத்தார். எனக்கும் அதுதான் மரியாதையாகப் பட்டது. (அவிக்கக்கூட இல்லை. அறிவு அவ்வளவு!)

அந்த நாரை அடைத்த போத்தலை மெனேஜர் மேசையில் வைத்து, சிவப்புத் தண்ணீரை ஊற்றினேன். கீழே கிளாஸில் கடும் கபில நிறத்தில், தேத்தண்ணீர் வாசனையோடு இறங்கியது. அவர் எடுத்து முகர்ந்தார்.

"சீனி தெம்மத, நங்கி?" (சீனி போட்டாயா தங்கச்சி என்று சிங்களத்தில் கேட்கிறார், பாவி!)

எல்லாரும் சிரித்தார்கள். என்னோடு வந்த லயத்துச் சனமும்தான். ஓடையைக் கெடுத்தவன் சிரிக்கிறான், அதில் குளிக்கிறவர்களும் சேர்ந்து சிரிக்கிறார்கள்! அவர்கள் மேலும் கோபம், அதைவிட என் மேலேயே கோபம்.

அடுத்த கிழமை அவித்த சக்கையோடு ஓடினேன். கேட்டிலேயே காவல்காரர் மறித்தார். "திரும்பவும் டீயா, தங்கச்சி? மெனேஜர் மஹத்தயாவுக்கு நேரமில்ல." போத்தலைத் திறந்துகாட்டக்கூட விடவில்லை.

இன்றும் வீட்டில் தேத்தண்ணீரில் சாயம் கூடினால், "அக்கா, இத மெனேஜருக்குக் குடுத்தனுப்பு" என்பான் தம்பி. அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். நானும் சிரிப்பேன். ஆனால் ஆத்திரம் மட்டும் தீரவேயில்லை. சீனி கேட்ட மனிதரிடம், "சீனி வேணாங்க, அப்படியே குடிங்க, எங்க பிள்ளைங்க குளிக்கிற தண்ணிதான்" என்று அன்றைக்கு ஏன் சொல்லாமல் வந்தேன்?